டபுள் கிளேசிங் ஜன்னலில் கோளாறா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

பிரிட்டனில் 1980களுக்குப் பிறகு கட்டிய அல்லது ஜன்னல் மாற்றிய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது வெள்ளை யூபிவிசி (கடின பிளாஸ்டிக்) சட்டமும் இரட்டைக் கண்ணாடியும்தான். கண்ணாடிக்குள் மூட்டம் கட்டியதென்றோ கைப்பிடி சும்மா சுற்றுகிறதென்றோ ஆள் கூப்பிட்டால், "பழசாகிவிட்டது, மொத்தமாக மாற்றிவிடலாம்" என்ற பதில் சுலபமாக வரும். பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவையில்லை. மூலைகளில் வெல்டிங் பிரியாமல், விரிசல் இல்லாமல் இருக்கும் யூபிவிசி சட்டம் இன்னும் பல வருடம் தாங்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் அதில் மாட்டியிருக்கும் நான்கு சாமான்களில் ஒன்று: கண்ணாடி யூனிட், கீல், பூட்டுப் பட்டை, ரப்பர். நான்கும் தனியாக விலைக்குக் கிடைக்கும், தனியாக மாற்றவும் முடியும். எது கெட்டிருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

பேச்சு வழக்கில் புழங்கும் பெயர்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் இவற்றைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். இரண்டு கண்ணாடியையும் நடுவில் ஓரம் முழுக்க ஓடும் ஸ்பேசர் பாரையும் சேர்த்து ஒட்டிய ஒரே பொருளுக்கு யூனிட் என்று பெயர். திறந்து மூடும் பகுதி சாஷ். சுவரில் நிலையாக இருப்பது பிரேம். கண்ணாடியைச் சட்டத்துக்குள் பிடித்து நிறுத்தும் நீளமான பிளாஸ்டிக் பட்டை பீடிங்.

தொடங்கும் முன் ஒன்று. வாடகை வீடு என்றால் ஜன்னல் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. எழுத்தில் தெரிவியுங்கள், நீங்களே கழற்ற வேண்டாம். லீஸ்ஹோல்ட் பிளாட் என்றால் ஜன்னல் யாருடையது என்று லீஸ் பத்திரத்தில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கண்ணாடியில் ஈரம் அல்லது மூட்டம்

விரலால் துடைத்துப் பாருங்கள். உட்பக்கம் துடைத்தால் போகிறதா, வெளிப்பக்கம் துடைத்தால் போகிறதா, இரண்டு பக்கமும் துடைத்தும் போகவில்லையா? மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

வெளிப்பக்கம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். மேகமில்லாத இலையுதிர்கால இரவுக்குப் பிறகு விடியற்காலையில் இப்படி வரும். வீட்டுச் சூடு வெளியே கசியாததால் வெளிக்கண்ணாடி குளிர்ந்து பனி பிடிக்கிறது. கண்ணாடி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் இது.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் என்றால் யூனிட்டின் ஓரப் பசை விட்டுவிட்டது. ஸ்பேசர் பாருக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரப்பியிருக்கும். பகல் வெயிலில் உள்காற்று விரிகிறது, இரவில் சுருங்குகிறது. நாள்தோறும் ஓரப் பசை இழுபட்டு இழுபட்டு மயிரிழைப் பிளவு விடுகிறது. அதன் வழியே வரும் ஈரத்தை மணிகள் சில காலம் குடித்துச் சமாளிக்கும். அவை நிரம்பிய பிறகுதான் மூட்டம் கண்ணுக்குத் தெரியும். வெயில் அதிகம் படும் தெற்குப் பக்க யூனிட்டுகளும், அடியில் தண்ணீர் தேங்கும் யூனிட்டுகளும் முந்திக் கெடும். காலையில் மட்டும் தெரிந்து மதியம் மறைந்துவிடுகிறதே என்று விட்டுவிட வேண்டாம்; அது முதல் கட்டம். நாள்பட்டால் கண்ணாடியின் உள்முகத்தில் வெள்ளைக் கோடுகள் படியும், அவை எதற்கும் போகாது.

கண்ணாடியில் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே காய வைத்து, அடைப்பான் பொருத்தித் தரும் சேவை ஒன்று உண்டு. நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மூட்டம் சில காலம் குறையலாம். சூடு கசியாமலிருக்க உள்ளே அடைத்து, இப்போது வெளியேறிவிட்ட ஆர்கான் வாயு திரும்ப வராது, விட்டுப்போன ஓரப் பசையும் ஒட்டாது. டஃபன்டு (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியில் துளை போட்டால் அந்த நிமிடமே தூளாகிவிடும். யூனிட்டை மாற்றுவதே முறை. சட்டத்தை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் மாற்றுவது பழுது வேலைதான், முழு ஜன்னல் மாற்றும்போது கட்டட விதிப்படி பொருத்தியதற்குத் தரும் ஃபென்சா சான்றிதழ் அதற்கு வேண்டியதில்லை.

பணம் செலவழிக்கும் முன் ஸ்பேசர் பாரை உற்றுப் பாருங்கள். பல யூனிட்டுகளில் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் தேதியும் அதன் மேல் அச்சாகியிருக்கும். யூனிட்டுக்கு 10 வருட உத்தரவாதம் தருவது வழக்கம். காலம் முடியவில்லை என்றால் பொருத்திய நிறுவனத்திடம் கேளுங்கள்.

*அளவெடுப்பது*

கண்ணுக்குத் தெரியும் கண்ணாடியை அளந்து ஆர்டர் கொடுக்கக் கூடாது. பீடிங்குக்குள் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும். பீடிங்கைக் கழற்றி, யூனிட்டின் ஓரத்திலிருந்து ஓரம் வரை அளக்க வேண்டும். மில்லிமீட்டரில், முதலில் அகலம், பிறகு உயரம், ஒவ்வொன்றும் மூன்று இடத்தில். குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் உள்குழியையும் அளந்து ஒப்பிடுங்கள். யூனிட் குழியைவிட மொத்தமாக 10 மி.மீ., அதாவது பக்கத்துக்கு 5 மி.மீ., சிறியதாக இருப்பது வழக்கம். பழைய யூனிட்டே தவறான அளவில் வந்திருந்தால் இந்த ஒப்பீட்டில்தான் பிடிபடும். அளந்த பிறகு பீடிங்கைத் திருப்பி மாட்டிவிட்டுப் புதியது வரும்வரை காத்திருக்கலாம்.

தடிமன் முக்கியம். 28 மி.மீ. யூனிட் என்றால் 4 மி.மீ. கண்ணாடி, 20 மி.மீ. இடைவெளி, 4 மி.மீ. கண்ணாடி, ஆர்டரில் 4-20-4 என்று எழுதுவார்கள். 4-16-4 என்றால் 24, 4-12-4 என்றால் 20. பீடிங் அந்தத் தடிமனுக்கென்றே செய்தது. இடைவெளி அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்துத் தடிமனைக் கூட்டினால் பீடிங் ஏறாது, குறைத்தால் கண்ணாடி ஆடும்.

தடிமனை மாற்ற முடியாவிட்டாலும் தரத்தை உயர்த்திக்கொள்ளலாம். சாஃப்ட் கோட் லோ-ஈ (சூட்டை அறைக்கே திருப்பும் மெல்லிய பூச்சு), ஆர்கான், வார்ம் எட்ஜ் ஸ்பேசர் (சூட்டை எளிதில் கடத்தாத ஸ்பேசர்) மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். பழைய சாதா இரட்டைக் கண்ணாடியின் யூ-வேல்யூ (சூடு கசியும் அளவு, குறைந்தால் நல்லது) சுமார் 2.8, இந்த மூன்றும் சேர்ந்த யூனிட்டின் நடுப்பகுதியில் 1.1 முதல் 1.2 வரை வரும். பழைய சட்டத்திலேயே, கண்ணாடி வழியே கசிந்த சூட்டில் பாதிக்கு மேல் மிச்சமாகிறது. பக்கத்து ஜன்னலோடு நிறம் ஒத்துப்போக வேண்டும் என்றால், ஏற்கெனவே இருப்பது எந்த வகை என்று பாருங்கள். இருட்டில் தீக்குச்சிச் சுடரைக் கண்ணாடிக்கு அருகில் காட்டினால் நான்கு பிம்பம் தெரியும். அதில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் அந்த முகத்தில் லோ-ஈ பூச்சு உண்டு. திரைச்சீலையை விலக்கிவிட்டுச் செய்யுங்கள்.

எங்கே டஃபன்டு அல்லது லேமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய) பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் என்பதை இங்கிலாந்தின் கட்டட விதி சொல்கிறது: தரையிலிருந்து 800 மி.மீ. உயரத்துக்குள் வரும் ஜன்னல் கண்ணாடி. கதவிலும், கதவு ஓரத்திலிருந்து 300 மி.மீ.க்குள் உள்ள பக்கக் கண்ணாடியிலும் 1,500 மி.மீ. உயரம் வரை. மூலையில் சின்ன முத்திரை பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டஃபன்டு கண்ணாடியைப் பிறகு வெட்டவோ உரசவோ முடியாது. அளவு தவறினால் காசு போனதுதான்.

*மாற்றுவது*

எடையைக் கணக்கிடுங்கள். கண்ணாடி 1 மி.மீ. தடிமனுக்கு சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. ஆக 4-20-4 யூனிட் சதுர மீட்டருக்கு 20 கிலோ. 1 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னல் என்றால் 24 கிலோ. தனியாக எடுக்க வேண்டாம். வெட்டுப்படாத கையுறை, மூடிய காலணி, கண்ணைக் காக்கும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி கட்டாயம். 50 மி.மீ. அகலமுள்ள வளையாத ஸ்கிரேப்பர், நைலான் சுத்தியல், 1 முதல் 6 மி.மீ. வரையிலான பிளாஸ்டிக் பேக்கர்கள் (கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே வைக்கும் சிறு தகடுகள்) ஒரு பை: இவை போதும். உறைபனி நாளில் தொடாதீர்கள், குளிரில் பீடிங் ஒடியும்.

1. நீளமான பீடிங்கின் நடுவில் தொடங்குங்கள். பீடிங்கும் சட்டமும் சேரும் கோட்டில் ஸ்கிரேப்பரை வைத்து மெல்லத் தட்டி, சட்டத்தை விட்டு விலகும்படி நெம்புங்கள். கண்ணாடிப் பக்கம் நெம்பக் கூடாது. நடு விட்டதும் கையால் வளைத்து முனைகளை உருவலாம். நீளமானவை இரண்டும் முதலில், குட்டையானவை பிறகு.

2. ஒவ்வொன்றின் பின்னாலும் எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதுங்கள். மூலை வெட்டு அந்தந்த மூலைக்கு மட்டுமே பொருந்தும்.

3. கடைசி பீடிங்கை எடுக்கும் முன் ஒருவர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எடுத்ததும் மேல் ஓரத்தை அறைப் பக்கம் சாய்த்துத் தூக்குங்கள். உள்ளே இருக்கும் பேக்கர்களை அசைக்கும் முன் போட்டோ எடுங்கள்.

4. குழியைத் துடைத்து, அடியிலுள்ள வடிகால் துளைகளில் அடைப்பு இருந்தால் எடுங்கள்.

5. புதிய யூனிட்டில் எந்தப் பக்கம் உள்ளே என்று ஸ்டிக்கர் சொல்லும். திறக்காத ஜன்னலில் அடியில் இரண்டு பேக்கர்கள், மூலையிலிருந்து 75 முதல் 100 மி.மீ. தள்ளி. வடிகால் துளையை அவை மறைக்கக் கூடாது. கண்ணாடி ஓரம் எங்கும் நேரடியாகச் சட்டத்தில் உட்காரக் கூடாது. திறக்கும் சாஷ் என்றால் பேக்கர் வைக்கும் முறை வேறு. கீழே "சாஷ் இறங்கிவிட்டது" பகுதியைப் பாருங்கள்.

6. குட்டை பீடிங்குகளை முதலில் தட்டி ஏற்றுங்கள். நீளமானவற்றின் இரு முனைகளையும் மூலையில் செருகி, வில்லாக வளைந்து நிற்கும் நடுப்பகுதியை அழுத்தித் தட்டுங்கள். ஏற மறுத்தால் ரப்பரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர் தடவுங்கள். எண்ணெய் வேண்டாம்.

யூனிட் ஓரத்தில் சிலிக்கான் பூசி "பலப்படுத்த" ஆசை வரும். பூச வேண்டாம். சில சிலிக்கான்கள் யூனிட்டின் ஓரப் பசையையே கெடுக்கும். தண்ணீர் வடியும் வழியும் அடைபடும்.

பீடிங் வெளிப்பக்கம் இருக்கும் பழைய ஜன்னல்களில் உள்பக்கத்தில் ஆப்பு வடிவ ரப்பர் ஒன்று ஓடும். முதலில் அதை உருவினால்தான் கண்ணாடி தளர்ந்து வெளி பீடிங் கழறும். சிலவற்றில் திருட்டைத் தடுக்க இருபுறமும் ஒட்டும் டேப் போட்டிருப்பார்கள். மெல்லிய கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாடியில் வெளி பீடிங் என்றால் சாரம் கட்டாமல் செய்யும் வேலை அல்ல அது. ஏணியில் நின்று 24 கிலோவை வாங்க முடியாது.

அறைப் பக்கக் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது

இது கண்ணாடிக் கோளாறு அல்ல, அறைக் காற்றில் உள்ள ஈரம். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். வெளியே 0 டிகிரி இருக்கும் இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் சுமார் 5 டிகிரி, பழைய இரட்டைக் கண்ணாடி 12 அல்லது 13, நல்ல லோ-ஈ யூனிட் 17. பழைய இரட்டைக் கண்ணாடி விளிம்பில்தான் நிற்கிறது என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரியும். அதனால்தான் அலுமினிய ஸ்பேசர் ஓடும் அடி ஓரத்தில் முதலில் நனைகிறது.

ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. 60க்கு மேல் நின்றால் காரணத்தைத் தேடுங்கள். மூடியில்லாமல் சோறு வடிப்பது, இட்லிப் பானை, ரேடியேட்டரில் காயப்போட்ட துணி, மூடிய படுக்கையறையில் நான்கு பேர் தூங்குவது எல்லாம் காற்றில் தண்ணீர் ஏற்றுகின்றன. சமைக்கும்போது எக்ஸ்ட்ராக்டரைப் போட்டு அடுப்பை அணைத்த பிறகும் 15 நிமிடம் ஓட விடுங்கள், குளியலறையிலும் அப்படியே. ஜன்னல் தலைப்பில் காற்று வர உள்ள சிறு திறப்பான டிரிக்கிள் வென்ட்டைக் குளிருக்குப் பயந்து டேப் ஒட்டி அடைத்த வீடுகளில்தான் கறுப்புப் பூஞ்சை அதிகம். டேப்பை எடுங்கள். திரைச்சீலையைக் கண்ணாடியோடு ஒட்டவிடாமல் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டால் சூடான காற்று கண்ணாடி வரை போகும்.

சாஷ் இறங்கிவிட்டது: மூடும்போது அடியில் இடிக்கிறது

இதைச் சின்னக் குறை என்று விடக் கூடாது. இடிக்கும் சாஷை மூட வேண்டுமென்று கைப்பிடியை அழுத்தித் திருப்புவார்கள். அந்த அழுத்தத்தில் உள்ளே பூட்டின் கியர் உடையும். அடுத்த பகுதியில் வரும் தலைவலிக்கு மூலகாரணம் பெரும்பாலும் இதுதான்.

பக்கவாட்டில் திறக்கும் சாஷைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்க அடிமூலையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீலின் கைகள் ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. கீல் அசையாமல் சாஷ் சட்டம் மட்டும் கண்ணாடியைச் சுற்றிச் சாய்சதுரமாக நகர்ந்தால் உள்ளே பேக்கர் விலகியிருக்கிறது.

யூபிவிசி சாஷ் தன் எடையைத் தானே தாங்கும் பலமுள்ளதல்ல. மரப் படலைக்குக் குறுக்குச் சட்டம் அடிப்பது போல, இங்கே கண்ணாடிதான் குறுக்குச் சட்டம். அதன் எடை கீல் பக்க அடிமூலையில் உட்கார வேண்டும். எதிர்மூலையான கைப்பிடிப் பக்க மேல்மூலையில் அது சாஷைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தொழிலில் இதை டோ அண்ட் ஹீல் என்பார்கள்.

பீடிங்கைக் கழற்றுங்கள், கண்ணாடியை வெளியே எடுக்க வேண்டாம், ஒருவர் பிடித்தால் போதும். கீல் பக்க அடிமூலையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு பேக்கர், பக்கவாட்டில் ஒரு பேக்கர். பிறகு கைப்பிடிப் பக்கத்தில் சாஷை மேலே நெம்பி, மேல்மூலையில் கண்ணாடிக்கும் சாஷுக்கும் இடையே மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. 1 மி.மீ. 1 மி.மீ. ஆகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் மூடித் திறந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் வித்தியாசம் 1 அல்லது 2 மி.மீ.க்குள் வர வேண்டும். வந்ததும் நிறுத்துங்கள். அளவுக்கு மீறித் திணித்தால் சாஷ் மறுபக்கம் வளையும், குளிர்காலத்தில் கண்ணாடி மூலையில் கீறல் விடும்.

கீல் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியது ஃபிரிக்ஷன் ஸ்டே. வாங்க மூன்று விவரம் வேண்டும். பிரேமில் திருகிய தண்டவாளத்தின் நீளம்: அங்குலக் கணக்கில் விற்கிறார்கள், பக்கத் திறப்புக்கு 12, 16 அதிகம் புழங்கும். மூடிய நிலையில் கீலின் உயரம்: 13 அல்லது 17 மி.மீ. மூன்றாவது, பக்கத் திறப்பா மேல் திறப்பா என்பது. இரண்டும் வெவ்வேறு கீல்கள், ஒன்றுக்கு ஒன்று போட்டால் பொருந்தாது. ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய கீலின் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, ஒருவர் சாஷைத் தாங்க, சாஷ் பக்கத் திருகுகளை முதலில் கழற்றுங்கள். புதியதற்குத் துருப்பிடிக்காத 4.3 மி.மீ. திருகு, பழைய துளை தளர்ந்திருந்தால் 4.8.

மாடிப் படுக்கையறை ஜன்னல் தீ விபத்தில் தப்பிக்கும் வழியாக இருக்கலாம். அதற்குத் திறப்பு குறைந்தது 0.33 சதுர மீட்டர், உயரம் அகலம் இரண்டும் 450 மி.மீ.க்குக் குறையாமல், திறப்பின் அடி தரையிலிருந்து 1,100 மி.மீ.க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். 90 டிகிரி திறக்கும் எக்ரஸ் கீல் அங்கே இருந்தால் அதே வகையைத்தான் திரும்பப் போட வேண்டும். சாதாரண கீல் போட்டால் ஜன்னல் திறக்கும், ஆனால் ஆள் நுழையும் வழி குறுகிவிடும்.

கைப்பிடி திரும்புகிறது, ஜன்னல் திறக்கவில்லை

கைப்பிடியின் இரண்டு திருகுகளையும், மூடி இருந்தால் அதை எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பின்னால் 7 மி.மீ. சதுரத் தண்டு இருக்கும். அது ஒடிந்தோ முனை உருண்டோ இருந்தால் கைப்பிடிதான் கெட்டது. வேறு ஜன்னலின் கைப்பிடியைக் கழற்றிச் செருகித் திருப்பிப் பார்த்தால் உறுதியாகிவிடும். புதியது வாங்க, கைப்பிடி அடித்தட்டிலிருந்து தண்டு வெளியே நீளும் அளவும், திருகுகளுக்கு இடையே உள்ள தூரமும் வேண்டும்; அந்தத் தூரம் பெரும்பாலும் 43 மி.மீ. கைப்பிடி நேராக இருக்கிறதா, இடமாகவோ வலமாகவோ வளைந்திருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

நல்ல தண்டும் தடையில்லாமல் சுற்றினால் எஸ்பாக் என்கிற பூட்டுப் பட்டையின் கியர் உடைந்திருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கும்போது உடைந்தால் பிரச்சினையே இல்லை: சாஷ் ஓரத்தில் தெரியும் திருகுகளை எடுத்துப் பட்டையை உருவி, அதையே கடைக்குக் கொண்டுபோங்கள். பட்டை முகத்திலிருந்து தண்டின் மையம் வரையிலான தூரம் 20 அல்லது 22 மி.மீ. இருக்கும். அதோடு மொத்த நீளம், காளான் வடிவக் கேம்களின் (பட்டையோடு நகர்ந்து பிரேமில் மாட்டிக்கொள்ளும் குமிழ்கள்) இடம், அவற்றின் உயரம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

மூடிய நிலையில் உடைந்தால் பொறுமை தேவை. கண்ணாடி தூக்கும் உறிஞ்சியைக் கைப்பிடிப் பக்கத்தில் ஒட்டி ஒருவர் சாஷை அறைப் பக்கம் இழுக்கட்டும். ரப்பரின் எதிரழுத்தம் கேம்களிலிருந்து விலகும். அந்த நேரத்தில் தண்டை இடுக்கியால் பிடித்து இருபுறமும் ஆட்டினால், மிச்சமிருக்கும் பல் கடித்து நகர வாய்ப்புண்டு. அப்படியும் வராவிட்டால், உள் பீடிங் ஜன்னலில் கண்ணாடியை எடுத்துவிட்டால் சாஷ் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மெல்லிய தகட்டை இடைவெளியில் விட்டுக் கேம்களைத் தள்ளலாம். மேலும் கீழும் கம்பி நீளும் ஷூட்போல்ட் வகை என்றால் இந்த வழி பலிக்காது. கடப்பாரை போட்டால் சட்டமே போய்விடும். யூபிவிசி பூட்டு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பூட்டு கெடாமலிருக்க வருடத்துக்கு ஒரு முறை கேம்களிலும் பட்டையின் அசையும் இடங்களிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். ஃபிரிக்ஷன் ஸ்டேயின் வழுக்கும் தடத்துக்கு எண்ணெய் வேண்டாம், அங்கே உராய்வுதான் ஜன்னலைக் காற்றில் நிறுத்துகிறது. அதை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஜன்னல் திறந்த இடத்தில் நிற்காமல் ஓடினால், சில கீல்களில் வழுக்கும் கட்டையில் ஒரு சிறு திருகு உண்டு. கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

மூடிய ஜன்னலில் குளிர் காற்று வருகிறது

காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தி ஏற்றி ஓரங்களில் மெல்ல நகர்த்துங்கள். திரைச்சீலையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். புகை எங்கே கலைகிறது என்று குறியுங்கள்.

கைப்பிடிப் பக்கம் மட்டும் என்றால் கேம்கள் இறுக்கிப் பிடிக்கவில்லை. ஒரு தாளை இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் சந்தேகமே இல்லை. பல கேம்கள் மையம் விலகியவை. ஆலன் சாவியால் சற்றுத் திருப்பினால் பிடி கூடும். எல்லாவற்றையும் ஒரே அளவு திருப்புங்கள்; கைப்பிடி திருப்பக் கடினமானால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கீல் பக்கம் வந்தால் கீல் தேய்வு, மேலே சொன்னபடி மாற்ற வேண்டும். சுவருக்கும் பிரேமுக்கும் இடையே வந்தால் வெளி ஓரத்தில் இடைவெளியை அடைத்த பூச்சு விட்டிருக்கிறது: பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு நியூட்ரல் கியூர், லோ மாடுலஸ் சிலிக்கான் போடுங்கள். பழையதன் மேலேயே பூசினால் ஒட்டாது.

சுற்றிலும் வந்தால் ரப்பர் தட்டையாகிவிட்டது. ரப்பரில் நிறைய வடிவங்கள் உண்டு, படத்தைப் பார்த்து வாங்கினால் தவறும். 50 மி.மீ. துண்டு வெட்டி அதை வைத்துத்தான் பொருத்தம் பார்க்க வேண்டும். பழையதை உருவிக் குழியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, மேல் ஓரத்தின் நடுவில் தொடங்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வாருங்கள். இழுத்து மாட்டக் கூடாது. இழுத்த ரப்பர் சில வாரங்களில் சுருங்கி மூலைகளில் இடைவெளி விடும். மூலையில் முழுக்க வெட்டாமல் பின்பக்கம் மட்டும் கீறி வளையுங்கள். முடிவில் 5 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, இரு முனையையும் நெருக்கிச் சூப்பர் குளூவால் ஒட்டுங்கள்.

மழையில் உள்ளே தண்ணீர்

சட்டத்தின் அடிக்குழியில் தண்ணீர் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்து வடிகால் துளை வழியே வெளியேறும்படிதான் இந்த ஜன்னலைச் செய்கிறார்கள். வெளியேறாமல் நிறைந்து வழியும்போதுதான் கோளாறு. ஜன்னலைத் திறந்து அடிக்குழியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வெளிப்பக்கத் துளைகளில் வடிய வேண்டும். வடியாவிட்டால் மண், பாசி, செத்த பூச்சி அடைத்திருக்கும். பிளாஸ்டிக் கேபிள் டை நுனியால் குத்தித் தள்ளி, மறுபடி ஊற்றிப் பாருங்கள். உள்துளையும் வெளித்துளையும் நேருக்கு நேர் இருக்காது, சற்றுத் தள்ளியே இருக்கும். அதனால் கம்பி விட்டுத் துளைக்க முயல வேண்டாம்.

வெளியே ஒழுகுகிற இடம் என்று நினைத்து யாராவது இந்தத் துளைகளின் மேல் சிலிக்கான் பூசியிருப்பார்கள். அதை அறுத்து எடுத்தாலே பல வீடுகளில் ஒழுகல் நின்றுவிடும்.

கண்ணாடியில் விரிசல்

ஓர் இடத்திலிருந்து நட்சத்திரம் போல் பிரிந்தால் கல்லோ பந்தோ பட்டது. ஓரத்தில் செங்குத்தாகத் தொடங்கி, உள்ளே போகப் போக வளைந்து நெளியும் ஒற்றைக் கீறல் என்றால் வெப்பத்தால் வந்தது: கண்ணாடியின் நடு சூடாகவும் சட்டத்துக்குள் மறைந்த ஓரம் குளிர்ந்தும் இருக்கும்போது ஓரம் இழுபட்டுப் பிளக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம், நெருக்கமாகத் தொங்கும் பிளைண்ட், பாதியில் விழும் நிழல் எல்லாம் காரணமாகலாம். காரணத்தை விலக்காமல் யூனிட்டை மட்டும் மாற்றினால் புதியதும் பிளக்கும். ஃபிலிமோ நிழலோ தவிர்க்க முடியாத இடத்தில் டஃபன்டு கேளுங்கள், வெப்ப வித்தியாசத்தை அது நன்றாகத் தாங்கும்.

விரிசல் விட்ட கண்ணாடியைக் கழற்றும் முன் இரு பக்கமும் அகல டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிடுங்கள். கழற்றிய யூனிட்டைப் பாட்டில் போடும் மறுசுழற்சித் தொட்டியில் போடக் கூடாது, ஜன்னல் கண்ணாடி உருகும் விதம் வேறு. போர்வையில் சுற்றி, செங்குத்தாக நிறுத்தி, கவுன்சில் மறுசுழற்சி மையத்துக்கு எடுத்துப் போங்கள். ஜன்னல் கண்ணாடியை எந்தப் பிரிவில் வாங்குகிறார்கள் என்று முதலில் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.